செவலைக்கு வயசாயிட்டு

செங்கோட்டையில் எங்கள் தெருவுக்கு மீன் மேற்கேயிருந்துதான் வரும். கொல்லம் பக்கத்துச் சாளையும் அயிலையும் ஆரியங்காவு, புளியரை எல்லாம் தாண்டி பைக்கில் கட்டிய பெட்டியில் ஏழரை மணிக்கு வந்து சேரும். முக்கு திரும்பும்போது மீன்காரர் ஒரு ஹாரன் அடிப்பார். அந்த ஹாரனுக்குப் பல வருஷமாக முதலில் எழுந்து ஓடியது எதிர்வீட்டு ஆச்சியின் நாய் செவலைதான். இப்போது ஹாரன் அடித்தால் காதுகூட அசைவதில்லை. "பட்டிக்கு வயசாயி, அம்மே" என்பார் மீன்காரர். "ஆமய்யா, வயசாயிட்டு" என்பார் ஆச்சி.

இந்த ஒரு வார்த்தையோடுதான் எனக்குத் தகராறு. கண் மங்கினாலும் வயசு, கால் இழுத்தாலும் வயசு, பட்டாசாலையில் மூத்திரம் போனாலும் வயசு. அப்படிச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை என்பதுதான் அதன் வசதி. ஆனால் நாயின் உடம்பில் காது ஒரு காரணத்தால் கெடுகிறது, சிறுநீரகம் வேறொரு காரணத்தால். சிலதுக்கு மருந்து இருக்கிறது. சிலதுக்கு ஒரு பழைய சாக்கு போதும்.

முதலில் அந்த வயசையே பார்த்துவிடலாம். நாய் வயசை ஏழால் பெருக்கும் கணக்கு எல்லோருக்கும் தெரியும், அது சரியில்லை. சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தினர் லாப்ரடார் நாய்களின் டிஎன்ஏ மேல் ஒட்டிக்கொள்ளும் மெத்தில் என்ற வேதிக்குறிகள் வயசோடு எப்படி மாறுகின்றன என்று பார்த்து, மனிதரோடு ஒப்பிட்டு 2020-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அதன்படி ஒரு வயசு நாய் ஏற்கெனவே 31 வயசு ஆள். இரண்டு வயசில் 42. அப்புறம் ஓட்டம் மெதுவாகி, 13 வயசில் 72. லாப்ரடாருக்குப் போட்ட கணக்கு நாட்டு நாய்க்கு அச்சாகப் பொருந்தாதுதான். உருவமும் கணக்கில் வரும்: நாயின வகைகளை ஒப்பிட்டுப் பார்த்தால் எடையில் ஒவ்வொரு 2 கிலோ கூடும்போதும் ஆயுளில் சுமார் ஒரு மாதம் குறைகிறது. செவலைக்கு 13 நடக்கிறது. 72 என்று சொன்னதும், "எனக்கு எழுபத்தி நாலு. ரெண்டு பேரும் ஒரே செட்டுன்னு சொல்லு" என்று ஆச்சி சிரித்தார்.

காதுக்கு வருவோம். உள்காதில் நத்தைக்கூடு மாதிரிச் சுருண்ட எலும்புக்குள் மயிர்போன்ற நுனி கொண்ட செல்கள் இருக்கின்றன. ஒலி அசைவை நரம்பு மின்னோட்டமாக மாற்றுவது அவைதான். பாலூட்டிகளுக்கு அவை பிறக்கும்போது கிடைத்ததோடு சரி. செத்தால் திரும்ப முளைக்காது. கீச்சென்ற ஒலியைப் பிடிக்கும் செல்கள் பொதுவாக முந்திப் போகும். அதனால்தான் கூப்பிட்டால் திரும்பாத நாய், தரையைக் காலால் தட்டினால் திரும்பிப் பார்க்கிறது. அதிர்வு பாதத்தின் வழியே போய்ச் சேர்கிறது.

கண்ணில் தெரியும் நீலச்சாம்பல் மங்கலைப் பார்த்து ஆச்சி புரை என்று முடிவு கட்டியிருந்தார். பெரும்பாலும் அது புரை இல்லை. கண்ணின் லென்சு சாகும்வரை வெங்காயம் மாதிரி மேலே மேலே படலம் போட்டுக்கொண்டே இருக்கும். பழைய படலங்கள் நடுவில் நெருக்கிக் கெட்டிப்பட, வெளிச்சம் சிதறி நீலமாகத் தெரிகிறது. ஏழெட்டு வயசுக்கு மேல் அநேகமாக எல்லா நாய்க்கும் இது வரும். பார்வை பெரிதாகக் குறையாது. புரை என்பது லென்சின் புரதம் கட்டிதட்டி வெள்ளையாகிப் போவது. கால்நடை மருத்துவர்கள் இதற்கு ஒரு எளிய சோதனை வைத்திருக்கிறார்கள்: நாயின் முன்னால் ஒரு பஞ்சு உருண்டையைக் கீழே போடுவது. பஞ்சு சத்தம் போடாது. கண் அதைத் தொடர்ந்து கீழே போனால் பார்வை இருக்கிறது. ஆச்சியின் தலையணையிலிருந்து பிடுங்கிய பஞ்சை நான் மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் செவலை பார்த்தது. நாலாவது தடவை, இவனுக்கு வேறு வேலையில்லை என்பதுபோல் தலையைக் கீழே வைத்துக்கொண்டது.

கதவு விஷயம்தான் எனக்கே சங்கடமாக இருந்தது. ஒரு சாயங்காலம் வெளியே போக வேண்டும் என்று செவலை வாசல் கதவருகே வந்து நின்றது. கதவு திறக்கும் பக்கம் நிற்காமல் கீல் இருக்கும் பக்கம் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றது. கதவைத் திறந்துவிட்ட பிறகும் அந்த இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. கீல் பக்கம் நிற்பது, சுவரை வெறிப்பது, பகலில் தூங்கி ராத்திரி முழுக்க நடப்பது, பழகிய வீட்டுக்குள்ளேயே வழி தவறுவது எல்லாம் மூளைத் தளர்ச்சியின் அடையாளங்கள். மனிதரின் அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு புரதம், அதே அமினோ அமில வரிசையில், கிழட்டு நாயின் மூளையிலும் படிகிறது. மூளை சுருங்கி, உள்ளே இருக்கும் நீர்க்குழிகள் அகலமாகின்றன. டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் 2001 ஆய்வில், இத்தகைய அடையாளங்களில் ஒன்றாவது 11, 12 வயசு நாய்களில் 28 சதவீதத்துக்கும், 15, 16 வயசு நாய்களில் 68 சதவீதத்துக்கும் இருந்தது.

நடமாட்டம் இல்லாத நாய்களிடம் இது அதிகம் காணப்படுகிறது என்று அமெரிக்காவில் சுமார் 15,000 நாய்களை வைத்து 2022-இல் வந்த ஆய்வு சொல்கிறது. நடை குறைந்ததால் மூளை தளர்ந்ததா, மூளை தளர்ந்ததால் நடை குறைந்ததா என்பதை அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. எப்படியோ, மெதுவாக ஒரு நடை கூட்டிப்போவதில் நஷ்டமில்லை. கீழைத்தெரு வரை போகச் செவலைக்கு அரைமணி ஆகும். ஒவ்வொரு கம்பத்தையும் முகர்ந்து முடித்தால்தான் அடுத்த அடி.

அதே வாரம் இன்னொன்று நடந்தது. தூங்கிக்கொண்டிருந்த செவலையைப் பின்பக்கமிருந்து ஆச்சி தொட, அது விருட்டென்று எழுந்து பல்லைக் காட்டிவிட்டது. கடிக்கவில்லை. ஆனால் ஆச்சி உட்கார்ந்து அழுதுவிட்டார். "என்னையே அதுக்குத் தெரியலையேய்யா."

தெரியும். காது கேட்காத ஒரு உயிரைத் தூக்கத்தில் பின்னாலிருந்து தொட்டால் யாராக இருந்தாலும் பதறும். நாய் நம்மை எப்படித் தெரிந்துவைத்திருக்கிறது என்று பார்த்தால் ஆச்சியின் பயம் தேவையில்லாதது என்று புரியும்.

ஒரு வழி, பார்வை. ஜப்பானில் அசாபு பல்கலைக்கழகத்தினர் 2015-இல் ஒரு சோதனை நடத்தினார்கள். நாயையும் வளர்ப்பவரையும் அரைமணி நேரம் ஒரு அறையில் விட்டு, முன்னும் பின்னும் இருவரின் சிறுநீரிலும் ஆக்சிடோசினை அளந்தார்கள். தாய் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது சுரக்கும் ஹார்மோன் அது. அதிக நேரம் கண்ணோடு கண் பார்த்துக்கொண்ட ஜோடிகளில் இரண்டு பேருக்கும் அது கூடியிருந்தது. நாய் பார்க்க ஆளுக்குச் சுரக்கிறது. ஆள் அதனால் தடவிக்கொடுக்க நாய்க்குச் சுரக்கிறது. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் இந்தச் சுற்று நடக்கவில்லை. அவை அவ்வளவாக முகத்தையே பார்ப்பதில்லை.

சரி, கண் மங்கிய நாய்க்கு? அதற்குத்தான் மூக்கு. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் மூளை ஆராய்ச்சியாளர் கிரெகரி பெர்ன்ஸ் 12 நாய்களை எம்ஆர்ஐ கருவிக்குள் கட்டிப்போடாமல், மயக்க மருந்தில்லாமல், அசையாமல் படுக்கப் பழக்கினார். பழகிய ஆள், தெரியாத ஆள், பழகிய நாய், தெரியாத நாய், தன் சொந்த உடம்பு என்று ஐந்து வாசனைகளைக் காட்டினார்கள். நல்லது வரப்போகிறது என்று எதிர்பார்க்கும்போது விழிக்கும் காடேட் என்ற மூளைப் பகுதி, பழகிய மனித வாசனைக்குத்தான் அதிகம் விழித்தது. அந்த ஆள் அப்போது அந்த அறையிலேயே இல்லை. வாசனை மட்டும்.

காதில் செத்த செல் முளைக்காது என்றேன் அல்லவா. மூக்கில் முளைக்கும். வாசனை பிடிக்கும் நரம்புச் செல்கள் சில வாரம், சில மாதம் உழைத்துவிட்டுச் சாகின்றன. அடியில் இருக்கும் மூலச் செல்கள் புதிதாக உருவாக்கித் தருகின்றன. மூச்சில் வரும் காற்றில் ஒரு பங்கு தனியாகப் பிரிந்து மூக்கின் பின்கோடியில் உள்ள வாசனைக் கூடத்துக்குப் போய்ச் சுற்றும் அமைப்பும் நாய்க்கு உண்டு. கடைசிக் காலத்தில் அதுவும் குறையத்தான் செய்யும், ஆனால் காதும் கண்ணும் கைவிட்ட பிறகும் ரொம்ப நாள் ஓடும் கருவி மூக்குதான். ஆச்சியிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்று: தொடுவதற்கு முன்னால் கையை மூக்குக்கிட்ட கொண்டுபோங்கள். அதிலிருந்து பல்லைக் காட்டியதில்லை.

தண்ணீர் விஷயத்தில் ஆச்சி ஒரு தப்பு செய்தார். செவலை ராத்திரி வீட்டுக்குள் மூத்திரம் போகிறது என்று சாயங்காலமே தண்ணீர்ச் சட்டியை எடுத்து வைத்துவிட்டார். சிறுநீரகத்தில் லட்சக்கணக்கான வடிகட்டிகள் உண்டு. பல வடிகட்டிகள் போய்விட்டால் மிச்சமுள்ளவற்றால் நீரை இழுத்துப் பிடித்துச் சிறுநீரைக் கெட்டியாக்க முடியாது. தண்ணியாக நிறையப் போகும். அதை ஈடுகட்டத்தான் நாய் குடித்துக் குடித்து நிற்கிறது. தண்ணீரை நிறுத்தினால் உடம்பு வற்றும், சிறுநீரகம் இன்னும் கெடும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏறுவது வேலைத்திறன் சுமார் முக்கால்வாசி போன பிறகுதான் என்பதால், சிறுநீரின் அடர்த்தியைப் பார்ப்பது முந்தித் துப்புக் கொடுக்கும். அதற்கு ஒரு துளி போதும். சர்க்கரை நோயிலும் இதே தாகம் வரும். இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் மூளை என்று சொல்ல வேண்டும். நல்ல டாக்டர் அந்த வரிசையில்தான் போவார்.

வலியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், நம் வீடுகளில் அதிகம் தப்பு நடப்பது இங்கேதான். காலை மிதித்தால் கத்துகிற நாய், மூட்டுத் தேய்மானத்துக்குக் கத்தாது. நாள்பட்ட வலியில் அது செய்வது வேறு: படியேறும் முன் நின்று யோசிக்கும், பின்னங்காலின் பாரத்தை முன்னங்காலுக்கு மாற்றும், தொடைச் சதை வற்றும், ஒரே மூட்டை நக்கிக்கொண்டிருக்கும். செவலையின் பின்தொடையை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தபோது இடது பக்கம் பாதிதான் இருந்தது. சாரல் காலத்து ஈரத்தில் ஆச்சி வீட்டு டைல்ஸ் தரை வழுக்கும். வழுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த மூட்டு இழுபடும். படுக்கையிலிருந்து வாசல் வரை நாலு சாக்கை விரித்துப் போட்டோம். அன்று மத்தியானமே தானாக எழுந்து வாசலுக்குப் போனது.

ஆனால் நம் மூட்டுவலி மாத்திரையில் பாதி உடைத்துச் சோற்றில் வைக்கும் பழக்கம் இருக்கிறதே, அது ஆபத்து. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை வலியை உண்டாக்கும் நொதியை அடக்கும்போதே வயிற்றுச் சுவரைக் காக்கும் நொதியையும், சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் வழியைத் திறந்து வைக்கும் நொதியையும் சேர்த்து அடக்குகின்றன. நாயின் உடம்பு இவற்றைத் தாங்காது. குடலில் புண், ரத்த வாந்தி, சிறுநீரகச் செயலிழப்பு வரை போகும். பாராசிட்டமாலும் கேட்காமல் கொடுக்கக் கூடாது. நாய்க்கென்று அளவிட்டுக் கொடுக்கும் மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் இருக்கின்றன, அதற்கு டாக்டர் வேண்டும். (டைக்ளோஃபினாக் போட்ட மாட்டின் பிணத்தைத் தின்றுதான் நம் நாட்டுப் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. கால்நடைக்கு அது தடைசெய்யப்பட்டது 2006-இல்.)

இருமும் கிழட்டு நாய் இருந்தால் அது நன்றாகத் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணுங்கள். 30-க்கு மேல் தொடர்ந்து போனால் இதயத்தைப் பார்க்க வேண்டும். பொமரேனியன் மாதிரிச் சின்ன வகைகளில் இதய வால்வு கெட்டியாகிக் கசிவது சாதாரணம்.

இவ்வளவும் செய்யும் ஆளுக்கு என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தினர் 2017-இல், நோயாளி விலங்கு வைத்திருந்த 119 பேரையும் ஆரோக்கியமான விலங்கு வைத்திருந்த 119 பேரையும் ஒப்பிட்டார்கள். மறதி நோய்க்கார உறவினரைப் பார்த்துக்கொள்பவர்களின் சுமையை அளக்கும் கேள்வித்தாளையே கொஞ்சம் மாற்றிக் கொடுத்தார்கள். முதல் கூட்டத்தாரிடம் சுமையும் மனச்சோர்வும் தெளிவாக அதிகம். ஆச்சி ராத்திரி மூன்று தடவை எழுகிறார். சென்னையிலிருக்கும் மகன் போனில், "ஊசி போட்டுரலாம்லாம்மா" என்கிறான். அவன் சொல்வதும் கொடுமை இல்லை. அது மயக்க மருந்துதான், அளவு கூடுதல். முதலில் நினைவு போகும், பிறகுதான் மூச்சும் இதயமும் நிற்கும். எப்போது என்பதுதான் கேள்வி. ஒரு மருத்துவர் சொன்ன யோசனைப்படி ஆச்சி தினசரி காலண்டர் தாளைக் கிழிக்கும்போது அதில் பென்சிலால் குறித்து வைக்கிறார்: சாப்பிட்டு, எழுந்து, வாலை ஆட்டினால் ஒரு சுழி, இல்லாவிட்டால் ஒரு கோடு. தாள்களை நூலில் கோத்து ஆணியில் மாட்டியிருக்கிறார். இதுவரை சுழிதான் அதிகம்.

நோயில் கிடக்கும் நாயைப் பார்த்துக்கொள்ளும் இந்த வேலை புதிதும் இல்லை. ஜெர்மனியில் பான் நகருக்குப் பக்கத்தில் ஓபர்காசெல் என்ற இடத்தில் 1914-இல் ஒரு புதைகுழி கிடைத்தது. சுமார் 14,000 வருஷப் பழசு. ஒரு ஆண், ஒரு பெண், கூடவே நாய். அந்த நாயின் பற்களை 2018-இல் ஆராய்ந்தபோது, எனாமலில் இருந்த வரிக்குறைகள் அது குட்டியாக இருக்கையில் டிஸ்டெம்பர் என்ற கடும் வைரஸ் நோயில் வாரக்கணக்காகக் கிடந்ததைக் காட்டின. யாராவது தண்ணீர் கொடுத்து, சூடு கொடுத்து, துடைத்துவிடாமல் அவ்வளவு நாள் தாங்கியிருக்காது. வேட்டைக்கு அது உதவியிருக்கவும் முடியாது. ஏழு மாதத்தில் செத்திருக்கிறது.

இப்போது ஆடி. கேரளத்தில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், வள்ளத்தில் பிடித்த சாளைதான் வருகிறது, விலையும் கூடுதல். கணவாய் வழியே மேற்குக் காற்று சாரலோடு தெருவுக்குள் நேராக இறங்குகிறது. நேற்றுக் காலை திண்ணையில் ஆச்சியோடு பேசிக்கொண்டிருந்தேன். சாக்கில் கிடந்த செவலையின் மூக்கு இரண்டு தடவை விரிந்தது. முன்னங்காலை ஊன்றி, பின்னங்காலை இழுத்து, எழுந்து மேற்கே பார்த்து நின்றது. தெரு காலியாக இருந்தது. முக்கில் ஹாரன் கேட்டது அதற்கப்புறம்தான்.