காய்ச்சலில் நாக்கு கேட்கும் ரசஞ்சோறு

காய்ச்சல் வந்து வாய் கசந்து கிடப்பவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டால், பிரியாணி என்று சொல்பவர் குறைவு. "கொஞ்சம் ரசஞ்சோறு போதும்" என்பார். சிலருக்குக் கஞ்சியும் பருப்புத் துவையலும், சிலருக்குத் தயிர்சோறும் நார்த்தங்காய் ஊறுகாயும். எதுவானாலும் கூடவே ஒரு நிபந்தனை இருக்கும்: அது தன் வீட்டுப் பக்குவமாக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டிலிருந்து எவ்வளவு நல்ல ரசம் வந்தாலும், இரண்டு வாய் குடித்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு, ஆனா..." என்று இழுப்பார்கள். அந்த "ஆனா"வை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. அதற்கு மூக்கிலும் மூளையிலும் குடலிலும் வேர் இருக்கிறது. ருசியில் பாதியைச் சமைப்பவர் செய்கிறார். மீதிப் பாதி, சாப்பிடுகிறவரின் உடம்பு பிறப்பதற்கு முன்பிருந்தே கற்றுச் சேர்த்து வைத்தது.

முதலில் ரசத்தையே எடுத்துக்கொள்வோம். நாக்குக்குத் தெரிந்தவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகிய நான்கும், 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து கண்டுசொன்ன உமாமி என்ற ஐந்தாம் சுவையும்தான். ரசத்தில் புளியின் டார்டாரிக் அமிலம் புளிப்பைத் தருகிறது. தக்காளியில் உள்ள குளூட்டமேட் உமாமியைத் தருகிறது. சீரகம், மல்லி, பூண்டு, பெருங்காயம், கறிவேப்பிலை இவற்றில் எதையும் நாக்கால் அடையாளம் காண முடியாது. விழுங்கும்போது அவற்றின் ஆவி தொண்டையின் பின்வழியாக, வெளிவிடும் மூச்சோடு மூக்கின் உச்சிக்கு ஏறுகிறது. அங்கேதான் ரசம் ரசமாகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள். புளிப்பும் உப்பும் காரமும் மட்டும் இருக்கும். விரலை எடுத்ததும் சீரகமும் பூண்டும் ஓடி வரும். சளி பிடித்தவருக்கு எதுவும் ருசிக்காததும் இதனால்தான்.

இந்த மணப்பொருள்கள் எல்லாமே எளிதில் ஆவியாகி ஓடிவிடுபவை. சீரகத்தின் குமினால்டிஹைடு, மல்லிவிதையின் லினலூல், பெருங்காயத்தின் கந்தகச் சேர்மங்கள் என்று வரிசையாகச் சொல்லலாம். பூண்டில் இருக்கும் அல்லினை, நசுக்கிய பிறகுதான் ஒரு நொதி அல்லிசினாக மாற்றுகிறது; முழுப்பல்லாகப் போட்டால் அந்த நெடி வராது. ரசத்தைக் கொதிக்க விடாதே, நுரை கட்டி வரும்போதே இறக்கிவிடு என்று பாட்டிமார் சொல்வது மிக நுட்பமான சமையல் விதி. கொதிக்கக் கொதிக்க அடுக்களை மணக்கும். குடிப்பவருக்குப் புளித்தண்ணீர்தான் மிஞ்சும். மிளகை வறுத்து இடிக்கிறோமா, பச்சையாக இடிக்கிறோமா, பருப்புத்தண்ணீர் சேர்க்கிறோமா, தாளிப்பு நெய்யிலா எண்ணெயிலா என்பதைப் பொறுத்து இந்தக் கலவை வீட்டுக்கு வீடு மாறும். பக்கத்து வீட்டு ரசம் வேதியியல்படியே வேறு ரசம்.

மூக்கு அந்த வேறுபாட்டை எப்படிப் பிடிக்கிறது? மணப்பொருளைப் பிடித்து நரம்புக்குச் சொல்லும் வாசனை ஏற்பிகளுக்கான பெரிய மரபணுக் குடும்பத்தை லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்சலும் 1991இல் கண்டறிந்தார்கள். 2004இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். மனிதரிடம் வேலை செய்யும் ஏற்பி வகைகள் சுமார் 400. ஒரு மணப்பொருள் பல ஏற்பிகளைத் தூண்டும். ஓர் ஏற்பி பல மணப்பொருள்களுக்கு இணங்கும். புள்ளிகள் அவையேயானாலும் எவற்றைச் சேர்த்து இழுக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கோலம் மாறுவதுபோல, தூண்டப்பட்ட ஏற்பிகளின் கூட்டைப் பொறுத்து மணம் மாறுகிறது. அதனால் ஒரு சிட்டிகை பெருங்காயம் கூடினாலும் நமக்குத் தெரிந்துவிடுகிறது.

அடுத்து நடப்பதுதான் என்னை மிகவும் வியக்கவைப்பது. கண்ணும் காதும் அனுப்பும் செய்திகள் மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் வழியாகத்தான் மூளையின் மேலடுக்கான புறணிக்குப் போகின்றன. வாசனைக்கு அந்தச் சுற்றுவழி கட்டாயமில்லை. மூக்கின் செய்தியை முதலில் வாங்கும் நுகர்ச்சிக் குமிழிலிருந்து கிளம்பும் நரம்புகள் உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலாவுக்கு நேராகவே போகின்றன. நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸும் ஓரிரு எட்டில்தான் இருக்கிறது. வாசனை கிளறும் நினைவுகளுக்கு இன்னொரு தனிக்குணமும் உண்டு. வயதானவர்களிடம் ஒரு சொல்லைச் சொல்லி என்ன நினைவு வருகிறது என்று கேட்டால், பெரும்பாலும் பதின்ம வயதும் இருபதுகளும் வரும். அதையே வாசனையாகக் கொடுத்தால் பத்து வயதுக்கு முந்தைய நினைவுகள் வருகின்றன; உணர்ச்சியும் கூடுதலாக இருக்கிறது. நினைவு துல்லியமாக இருக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் அழுத்தமாக இருக்கும். பெருங்காயம் நெய்யில் பொரியும் வாசனையில் காரணம் தெரியாமல் கண் கலங்குகிறவர்களுக்கு இது ஒரு விளக்கம்.

பத்து வயதுக்கு முன் என்றேன். இன்னும் பின்னால் போகலாம், கருப்பை வரைக்கும். தாய் உண்ணும் உணவின் மணம் பனிக்குட நீரில் கலக்கிறது. சிசு அந்த நீரை விழுங்கிக்கொண்டே வளர்கிறது. பிலடெல்பியாவில் உள்ள மோனெல் மையத்தின் ஜூலி மென்னெல்லாவும் சகாக்களும் 2001இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுத் தாய்மார் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கேரட் சாறு குடித்தார்கள். இன்னொரு பிரிவினர் பாலூட்டும் காலத்தில் குடித்தார்கள். மூன்றாம் பிரிவினர் இரு காலத்திலும் தண்ணீர் மட்டும் குடித்தார்கள். திட உணவு தொடங்கியபின் கேரட் கலந்த கூழைக் கொடுத்தபோது, முன்பே அந்த மணத்தைச் சந்தித்த குழந்தைகள் முகம் சுளித்தது குறைவு. 2022இல் பிரிட்டனின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தார் ஒரு படி மேலே போனார்கள். கர்ப்பிணிகள் கேரட் பொடி மாத்திரையோ, கசப்பான கேல் கீரைப் பொடி மாத்திரையோ விழுங்கிய பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். கேரட்டுக்குச் சிசுவின் முகம் சிரிப்பதுபோல விரிந்தது. கேலுக்கு அழுவதுபோலச் சுருங்கியது. பூண்டின் மணமும் பனிக்குட நீரில் கலக்கிறது என்பதை மென்னெல்லாவின் குழு 1995லேயே காட்டிவிட்டது. ஆக, பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டும் மிளகும் இட்டுக் கொடுக்கும் வீட்டில், குழந்தை முதல் பருக்கையை உண்பதற்கு முன்பே ரசத்தின் பாதி வாசனை அதற்குப் பழக்கமாகிவிடுகிறது.

சரி, காய்ச்சலில் ஏன் குறிப்பாக ரசம்? உடம்பு உணவையும் நலத்தையும் முடிச்சுப் போட்டு வைப்பதில் கெட்டிக்காரத்தனம் உடையது. பேருந்துப் பயணத்துக்கு முன் சாப்பிட்ட ஒரு பரோட்டாவும் அதன்பின் வந்த வாந்தியும் போதும், பல ஆண்டுகள் பரோட்டா வாசனையே ஆகாமல் போகும். இதை 1955இல் எலிகளிடம் நிறுவியவர் ஜான் கார்சியா. இனிப்புத் தண்ணீர் குடித்தபோது கதிர்வீச்சால் நோயுற்ற எலிகள், பிறகு அந்தத் தண்ணீரைத் தொட மறுத்தன. இதன் மறுபக்கம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1967இல் அவரும் சகாக்களும் தயாமின் என்ற பி1 வைட்டமின் குறைபாட்டால் நலிந்த எலிகளுக்கு ஒரு சுவைநீரைக் கொடுத்து, பிறகு தயாமின் ஊசி போட்டார்கள். குணமான எலிகள் அந்தச் சுவையை விரும்பத் தொடங்கின. சிறுவயதில் ஒவ்வொரு காய்ச்சலிலும் ரசஞ்சோறு வந்தது. அதைத் தொடர்ந்து காய்ச்சலும் இறங்கியது. காய்ச்சல் தானாகவே இறங்கியிருக்கலாம், நம் உடம்பு கணக்கை ரசத்தின் பேரில் எழுதிக்கொண்டது.

ரசம் அந்த நேரத்துக்கும் கொஞ்சம் உதவத்தான் செய்கிறது. மிளகின் பைப்பரின், மிளகாயின் கேப்சைசின் இரண்டும் டிஆர்பிவி1 என்ற ஏற்பியைத் தட்டி எழுப்புகின்றன. 1997இல் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்கூடம் இனம்கண்ட அந்த ஏற்பி, சுமார் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டையும் உணர்வது. இந்த வழியில் அவர் செய்த ஆய்வுகளுக்கு 2021இல் நோபல் கிடைத்தது. சுடச்சுட ரசம் என்பது இரண்டு பக்கத்திலிருந்தும் அந்த ஒரே ஏற்பியைத் தூண்டுவது. மூக்கு ஒழுகுகிறது, நெற்றி வியர்க்கிறது. 2008இல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் சளி ஆய்வு மையம், சளி பிடித்தவர்களுக்கு ஒரே பழபானத்தைச் சூடாகவும் ஆறவைத்தும் கொடுத்துப் பார்த்தது. சூடாகக் குடித்தவர்களுக்குத் தொண்டைவலி, குளிர், சோர்வு எல்லாம் உடனே குறைந்ததாகத் தோன்றின; ஆறிய பானத்துக்கு அந்த மூன்றிலும் பலனில்லை. மூக்கில் காற்று போகும் அளவைக் கருவியால் அளந்தபோதோ இரண்டிலும் மாற்றமே இல்லை. நோயாளிக்கு அந்த ஆறுதல் மெய்யானதுதான். கருவி அளப்பது வேறொன்றை.

மேலே விடும் ஒரு கரண்டி நெய்யைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் லூகாஸ் வான் ஊடன்ஹோவ் குழு 2011இல் வெளியிட்ட சோதனையில், 12 பேருக்குக் கொழுப்பு அமிலத்தைக் குழாய் வழியே நேரே வயிற்றுக்குள் செலுத்தினார்கள். வாயில் ருசியில்லை, மூக்கில் மணமில்லை, உள்ளே போனது கொழுப்பா உப்புநீரா என்றும் தெரியாது. பிறகு சோகமான இசையும் முகங்களும். கொழுப்பு பெற்றவர்களைச் சோகம் குறைவாகத் தாக்கியது. மூளைப் படங்களிலும் அது தெரிந்தது. சிறிய சோதனைதான். ஆனாலும் குடல் தனியாக மூளையோடு பேசுகிறது என்பதை இவ்வளவு நேராகக் காட்டிய வேலை வேறு அதிகமில்லை.

இனி அவரவர் வழக்கங்கள். அப்பளத்தைச் சோற்றோடு நொறுக்கிப் பிசைபவர் உண்டு, கடைசி வாய்க்கு என்று ஒதுக்கி வைப்பவர் உண்டு. சோற்றில் குழி செய்து ரசம் ஊற்றி, அது கரை உடைத்து ஓடுவதற்குள் அள்ளுபவர் உண்டு. வீட்டில் கேலி செய்வார்கள். ஆனால் 2013இல் கேத்லீன் வோஸும் சகாக்களும் செய்த ஆய்வில், சாக்லேட்டை உறை பிரிக்காமலே இரண்டாக உடைத்து, ஒரு பாதியைப் பிரித்துத் தின்று, பிறகு மறுபாதியைத் தின்னும்படி சொல்லப்பட்டவர்கள், அப்படியே எடுத்துத் தின்றவர்களைவிட அதிகமாக ருசித்ததாகச் சொன்னார்கள். முறையாகச் செய்யும்போது கவனம் முழுக்க உணவின்மேல் குவிகிறது. அடுத்தவர் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. அப்பளத்தின் சத்தத்துக்கும் கணக்கிருக்கிறது: உருளைக்கிழங்கு வறுவலைக் கடிக்கும் ஓசையை ஹெட்போனில் கூட்டிக் கேட்கவைத்தால், அதே வறுவல் கூடுதல் மொறுமொறுப்பாகத் தோன்றும் என்று சார்ல்ஸ் ஸ்பென்ஸ் 2004இல் காட்டினார்.

வழக்கம் வெளியே தெரியும், ஆசை தெரியாது. விடுதியில் படிக்கும் பிள்ளை நள்ளிரவில் வீட்டு ரசத்தை நினைத்து ஏங்குவது, உடம்பில் ஏதோ சத்துக் குறைந்ததால் என்று பலர் நம்புகிறார்கள். மோனெல் மையத்தின் மார்சியா பெல்ஷட் 2000இல் அதைச் சோதித்தார். எல்லாச் சத்தும் அடங்கிய ஒரே பானத்தை மட்டும் ஐந்து நாள் கொடுத்தார். சத்தில் குறையில்லை, ஆனால் இளையவர்களிடம் உணவு ஏக்கம் பெருகியது. ஏக்கம் சலிப்பிலிருந்தும் நினைவிலிருந்தும் பிறக்கிறது. 2004இல் அவர் எடுத்த மூளைப் படங்களில், ஏங்கும்போது ஒளிர்ந்த இடங்களில் ஹிப்போகாம்பஸும் ஒன்று. ஏக்கம் மனக்கண்ணில் படமாகத்தான் வருகிறது. அதனால் மூன்று நிமிடம் டெட்ரிஸ் என்ற வீடியோ விளையாட்டை ஆடி மனக்கண்ணுக்கு வேறு வேலை கொடுத்தால் அது தணிகிறது என்று பிளிமத் பல்கலைக்கழகத்தார் கண்டார்கள்.

ஒரு விலக்கு உண்டு, அதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சிலேட்டுக் குச்சி, சாம்பல், மண், பச்சரிசி, ஐஸ்கட்டி இவற்றைத் தின்னத் தோன்றும் ஆசையைப் பெண்கள் பலர் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். இரும்புச்சத்துக் குறைபாட்டோடு இதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு. இரும்புச்சத்து ஏறியதும் ஐஸ்கட்டி ஆசை தானாகவே நின்றுவிடுவது மருத்துவர்கள் பலகாலமாகக் கண்டது. அந்த ஆசையை யாரிடமாவது சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு கேள்வி நிற்கிறது: ஆறுதல் உணவு நிஜமாகவே மனத்தைத் தேற்றுகிறதா? 2014இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் சோகக் காட்சிகளைப் போட்டுக் காட்டி மனத்தைக் கலக்கிவிட்டு, சிலருக்கு அவர்களே சொன்ன ஆறுதல் உணவையும், சிலருக்கு வேறு உணவையும், சிலருக்கு ஒன்றும் இல்லாமலும் விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் ஒரே அளவு தேறிவிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஏமாற்றம் இருந்தது, ஆனால் சோதனையில் குறை சொல்ல முடியவில்லை. திரைக்காட்சி தந்த சோகம் சோறில்லாமலும் வடியும். பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஜோர்டன் டிரொய்சியும் ஷிரா கேப்ரியலும் 2011இல் தொட்டது வேறு வகைச் சோகம்: தனிமை. நெருங்கியவரோடு போட்ட சண்டையைப் பற்றி எழுதச் சொல்லி மனத்தைப் புண்படுத்திய பிறகு, சிலரை ஆறுதல் உணவு உண்ட அனுபவத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். சாப்பிடக்கூட இல்லை, எழுதியதற்கே தனிமை குறைந்தது. அதுவும் எல்லோருக்கும் இல்லை. நெருங்கியவர்கள் தன்னைக் கைவிட மாட்டார்கள் என்ற நம்பிக்கை ஏற்கெனவே உள்ளவர்களுக்கு மட்டும்.