மரை உள்ளே போய்விட்டால் பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை

போன வாரம் ஒருவர் காற்று நிரப்பச் சொல்லி, தண்ணீருக்கடியில் மூச்சுவிட டைவர்கள் சுமக்கும் அலுமினிய சிலிண்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். வேலை அழுத்தம் 207 பார், கழுத்தில் முக்கால் அங்குல மரை. வால்வுக்கும் கழுத்துக்கும் நடுவில் வெள்ளையாக ஏதோ பிசிறு எட்டிப் பார்த்தது. நகத்தால் இழுத்தேன். டெஃப்லான் டேப். "கொஞ்சம் லூசா இருந்துச்சு சார், டேப் சுத்தினதும் நல்லா பிடிச்சுக்கிச்சு" என்றார். உள்ளே காற்று இல்லை என்று உறுதி செய்துகொண்டு வால்வைக் கழற்றி, அதன் மரையில் விட்டம் அளக்கும் வெர்னியர் வைத்தேன். 24.9 மில்லிமீட்டர். அதாவது எம்25 மரை. இந்த வருடத்தில் இது மூன்றாவது. இதற்கு மேலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

மூன்று பேரும் சொன்னது ஒரே வாக்கியம்: "உள்ள போச்சே சார்." போகும். போவதில்தான் ஆபத்தே இருக்கிறது. எம்25×2 மரையின் வெளி விட்டம் 25 மில்லிமீட்டர், ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 2 மில்லிமீட்டர். முக்கால் அங்குல நேர்மரையின் (முக்கால் அங்குலம் என்பது குழாய் அளவில் வந்த பெயர் மட்டும்) வெளி விட்டம் சுமார் 26.4, அங்குலத்துக்கு 14 மரை, அதாவது இடைவெளி சுமார் 1.8 மில்லிமீட்டர். கண்ணால் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். சிறிய வால்வு பெரிய கழுத்துக்குள் சில சுற்று சுகமாக இறங்கும், பிறகு இடைவெளிகள் ஒத்துப்போகாமல் மரைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறத் தொடங்கும்போது இறுகும், பானா போட்டால் இன்னும் இறுகும். அந்த இறுக்கத்தைத்தான் பிடிப்பு என்று நம்பிவிடுகிறார்கள். உண்மையில் மரையின் நுனிகள் மட்டுமே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும், தாங்க வேண்டிய சதை முழுக்க வெறும் இடைவெளி.

எவ்வளவு தாங்க வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு கிட்டத்தட்ட 5 சதுர சென்டிமீட்டர். 200 பார் என்பது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் சுமார் 200 கிலோ. வால்வைக் கழுத்திலிருந்து பிடுங்கி எறியப் பார்க்கும் விசை ஏறக்குறைய ஒரு டன். ஒரு சின்ன கார் அந்த நுனிகளில் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ரெண்டு தடவை நிரப்பிட்டேன், ஒண்ணும் ஆகலையே?" இதைக் கேட்கும்போதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் அந்த நுனிகள் கொஞ்சம் வளைகின்றன, கொஞ்சம் வழிகின்றன. வால்வு பித்தளை, கழுத்து அலுமினியம், மிருதுவான பக்கம் தேயும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கீறல் தெரியாது, ஒரு சத்தம் வராது. இரண்டு முறை தாங்கியது மூன்றாவது முறைக்கு உத்தரவாதம் ஆகாது, மூன்றாவது முறைக்கு மிச்சம் இருப்பது குறைவு என்றுதான் ஆகும். அப்புறம், அது விடுபடும் நேரம் பெரும்பாலும் நிரப்பும் நேரம்தான், அழுத்தம் உச்சத்துக்கு ஏறும் கடைசி நிமிடங்கள். அப்போது சிலிண்டர் பக்கத்தில் குனிந்து, கேஜைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதர் நிற்பார். சில சமயம் அது நான். வால்வு பிய்த்துக்கொண்டு பறந்த விபத்துகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன, அவற்றில் காரணங்களில் ஒன்று இதே மரைக் குழப்பம்.

டேப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கூம்பு மரை, அதாவது கீழே போகப் போகக் குறுகும் மரை வைத்த சிலிண்டர்களில் மரையே காற்றை அடைக்க வேண்டும், அங்கே டேப்புக்கு வேலை உண்டு. அதைப் பார்த்துத்தான் எல்லாவற்றுக்கும் சுற்றிவிடுகிறார்கள். நாம் பேசும் சிலிண்டர்களில் இருப்பது மேலிருந்து கீழ்வரை ஒரே விட்டமுள்ள நேர்மரை. இங்கே அடைப்பது கழுத்தின் மேல் உட்காரும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், மரையின் வேலை பிடித்துக்கொள்வது மட்டும். நேர்மரையில் டேப் சுற்றியிருப்பதைப் பார்த்தாலே நான் கையை எடுத்துவிடுவேன். யாரோ ஒரு தளர்வை மறைத்திருக்கிறார்கள் என்று அது எனக்குச் சொல்லிவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பல சிலிண்டர்களின் தோளில் மரை வகை குத்தியிருக்கும், பல வால்வுகளின் உடம்பிலும் இருக்கும். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒன்றில் இல்லையென்றால், அல்லது பெயின்ட் மூடியிருந்தால், வெர்னியரும், மரை இடைவெளி அளக்கும் பிட்ச் கேஜும்தான் பேச வேண்டும். கண்ணும் கையும் இதில் சாட்சி சொல்ல முடியாது, இருபது வருடம் வேலை பார்த்தவரின் கையும் சேர்த்துத்தான்.

அடுத்தது பர்ஸ்ட் டிஸ்க். எல்லா வால்விலும் இது இருக்காது, சில நாடுகளின் வால்வுகளில் இருக்கும். பக்கவாட்டில் ஓட்டைகள் உள்ள ஒரு சின்ன மூடி, அதற்குள் நகம் அளவில் மெல்லிய உலோகத் தகடு. சிலிண்டர் அளவுக்கு மீறி நிரம்பினாலோ சூடேறினாலோ முதலில் கிழிய வேண்டியது அந்தத் தகடு. 3000 பிஎஸ்ஐ (அதாவது சுமார் 207 பார்) சிலிண்டரின் சோதனை அழுத்தம் 5000 பிஎஸ்ஐ என்றால், தகடு அதற்குள்ளேயே கிழிந்துவிடும்படி வைத்திருப்பார்கள். வருடக்கணக்கில் அழுத்தம் ஏறி இறங்கி அது களைத்துப்போகும், சாதாரண நிரப்பலிலேயே ஒருநாள் கிழியும். காது அடைக்கும் சத்தம், சிலிண்டர் காலி, அவ்வளவுதான். பயந்துபோய் அடுத்த முறை இரண்டு தகடு சேர்த்து வைக்கிறார்கள். ஒருவர் தகடே இல்லாமல் போல்ட் போட்டு அடைத்துக் கொண்டுவந்தார். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். தகடு கிழிந்தால் புதுத் தகடு, அதே வால்வுக்கு அதன் தயாரிப்பாளர் சொன்ன அழுத்தத்தில், மூடியோடு முழுதாக. தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் ஹைட்ரோ டெஸ்டுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் எப்படியும் மாற்றிவிடுங்கள். பழைய ஒற்றை ஓட்டை மூடியாக இருந்தால் பல ஓட்டை உள்ளதாக மாற்றுங்கள், ஒற்றை ஓட்டையில் காற்று ஒரே பக்கம் பீறிட்டு சிலிண்டரையே உருட்டிவிடும்.

வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 20 டிகிரியில் 200 பார் இருந்த காற்று 60 டிகிரியில் சுமார் 227 பார் ஆகும். நல்ல சிலிண்டர் இதைத் தாங்கும். தப்பான மரையில் தொங்கும் வால்வு தாங்குமா என்பதுதான் என் கவலை.

மற்றவை சுருக்கமாக. ரெகுலேட்டர் என்பது சிலிண்டர் காற்றின் அழுத்தத்தை மூச்சுவிடும் அளவுக்குக் குறைக்கும் கருவி. வால்வைக் கவ்விப் பிடிக்கும் ஏ-கிளாம்ப் ரெகுலேட்டரை 232 பாருக்கு மேல் நிரப்பும் சிலிண்டரில் மாட்டாதீர்கள். வால்வுக்குள் திருகி மாட்டும் டின் (DIN) வகையில் 300 பார் வால்வு ஆழமானது, 200 பார் ரெகுலேட்டரின் மரை குட்டை என்பதால் அதன் நுனியில் உள்ள ஓ-ரிங் வால்வின் அடியை எட்டாது, அப்படித்தான் செய்திருக்கிறார்கள், அடாப்டர் தேடி அலையாதீர்கள். வால்வின் அடியில் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழாயைத் தேவையில்லாதது என்று கழற்றி வீசியவர்களைப் பார்த்திருக்கிறேன். சிலிண்டர் தலைகீழாகும்போது துருவும் தண்ணீரும் வால்வுக்குள் விழாமல் காப்பது அதுதான். ஓ-ரிங்குக்குக் கையில் கிடைத்த எண்ணெயைத் தடவாதீர்கள், உயர் அழுத்தக் காற்றில் எண்ணெய் தீப்பிடிக்கும். அதே காரணத்துக்காக வால்வை எப்போதும் மெதுவாகத் திறங்கள்.

கழுத்தில் குமிழி வந்தால், அதாவது காற்று கசிந்தால், இறுக்காதீர்கள். காற்று இருக்கும்போது பானாவை அங்கே வைக்கவே கூடாது. காற்றை இறக்குங்கள், பிறகு பாருங்கள். கேஜ் பூஜ்யம் காட்டுகிறது என்பதற்காகவும் கழற்றாதீர்கள், அந்தச் சின்னக் குழாய் துருவால் அடைத்திருந்தால் உள்ளே 200 பார் இருந்தும் கேஜுக்கு எதுவும் வராது. சந்தேகம் இருந்தால் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

போன வாரத்து சிலிண்டரை நான் திருப்பி நிரப்பவில்லை. கழுத்தின் முதல் நான்கு மரைகளின் முகடு மழுங்கியிருந்தது, விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது பளபளவென்று தெரிந்தது. அவரிடமே காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இதை வீட்டில் மகன்தான் நிரப்புவான் என்றார்.

பழைய சிலிண்டர் வாங்கியிருந்தால், அல்லது இடையில் யாரோ வால்வு மாற்றியிருந்தால், கழுத்தருகே டேப் தெரிகிறதா, வால்வு சாய்ந்து நிற்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வால்வு சாய்ந்திருந்தால் அதைத் தொடவோ தூக்கிக்கொண்டு வரவோ வேண்டாம், பக்கத்தில் யாரையும் விடாமல் தெரிந்த டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். நேராக இருந்து சந்தேகம் மட்டும் என்றால், வால்வின் நேர் எதிரே நிற்காமல், மெதுவாகத் திறந்து காற்றை இறக்கிவிட்டு அளக்கக் கொடுங்கள். அதுவரை அதை யாரும் நிரப்பக் கூடாது என்று ஒரு அட்டையில் எழுதி வால்விலேயே கட்டிவிடுங்கள்.