பாலம் பழுதா, சென்சார் பழுதா?

பாலத்தில் பொருத்திய ஒரு சென்சார் எச்சரிக்கை தந்ததும் விரிசல் விழுந்துவிட்டது என்று முடிவுகட்டுவது தவறு. சென்சார்தான் கெட்டிருக்கும் என்று அதன் சிக்னல் வரும் சேனலை அணைத்துவிடுவது அதைவிடப் பெரிய தவறு. எது உண்மை என்று சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

சிக்னல் ஒரே கோடாக நின்றுவிட்டால் யாருக்கும் தெரியும். ஏமாற்றுவது, மெல்ல மெல்ல நகரும் டிரிஃப்ட். பாலத்தில் ஒட்டிய ஸ்ட்ரெயின் கேஜின் (பாலம் இழுபடுவதையும் அமுங்குவதையும் தன் மின்தடை மாற்றத்தால் காட்டும் சென்சார்) மேல்பூச்சுக்குள் ஈரம் இறங்கினால் மின்சாரம் கசியும். கேஜுக்குக் குறுக்கே இன்னொரு ரெசிஸ்டரை வைத்தது போலாகிவிடும். கேஜ் ஃபேக்டர் (நீளம் மாறும்போது மின்தடை எத்தனை மடங்கு மாறும் என்ற எண்) 2 கொண்ட 120 ஓம் கேஜில் கசிவுப் பாதையின் மின்தடை 59,880 ஓமுக்கு இறங்கினால், பாலம் அசையாமலே 1000 மைக்ரோஸ்ட்ரெயின் (நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அமுக்கம் காட்டும். ஈரம் ஏற ஏற வரைபடமும் சாயும். பார்ப்பதற்கு நிஜமாகவே சுமை கூடுவது போலத்தான் இருக்கும்.

இதே கணக்குதான் சோதனைக்கும் உதவுகிறது. 59,880 ஓம் துல்லிய ரெசிஸ்டரை நாமே கேஜின் முனைகளில் இணைத்துப் பார்க்க வேண்டும். ரீடிங் 1000-க்குப் பதில் 900 மட்டுமே மாறினால் ஸ்கேல் தவறு: நீண்ட கேபிளின் மின்தடையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருப்பார்கள், அல்லது ரீடிங்குகளைச் சேமிக்கும் கருவியான லாகரில் கேஜ் ஃபேக்டரைத் தப்பாகப் பதிந்திருப்பார்கள். இன்சுலேஷனை அளக்கும்போது கேஜை லாகரிலிருந்து கழற்றிவிட்டு, 50 வோல்ட்டைத் தாண்டாத மீட்டரை மட்டுமே வையுங்கள். தயவுசெய்து வயரிங் சோதிக்கும் 500 வோல்ட் மெகரைக் கிட்டவே கொண்டுவர வேண்டாம். நன்றாக இருந்த கேஜும் போய்விடும்.

ஐஇபிஇ வகை (உள்ளேயே மின்னணுச் சுற்று கொண்ட) ஆக்சிலரோமீட்டர், அதாவது அதிர்வை அளக்கும் சென்சார் என்றால் வேலை சுலபம். அதன் பயாஸ் வோல்டேஜ் (அதிர்வு இல்லாதபோதும் வரும் நிலையான வோல்டேஜ்) பெரும்பாலும் 8 முதல் 12 வோல்ட் வரை இருக்கும். பூஜ்யம் காட்டினால் ஷார்ட். சப்ளை வோல்டேஜ் அப்படியே வந்தால் கேபிளிலோ கனெக்டரிலோ இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. கடிகாரப் பிழையையும் மறக்கக்கூடாது. இரண்டு லாகர்களுக்கு இடையே 10 மில்லிசெகண்ட் வித்தியாசம் இருந்தால் 5 ஹெர்ட்ஸ் அதிர்வில் 18 டிகிரி ஃபேஸ் பிழை (ஒரு முழு அதிர்வை 360 டிகிரியாகக் கொண்டால் வரும் முன்பின் வித்தியாசம்) வரும். அதிர்வு வடிவமே கோணலாகத் தெரியும்.

பக்கத்துச் சென்சார்களோடு ஒப்பிடுவது நல்ல பழக்கம். அடித்தளம் இறங்கினால் சுமை இடம் மாறும், அக்கம்பக்கத்து ரீடிங்குகளும் மாறும். ஆனால் சிறு விரிசல் ஒரே ஒரு கேஜுக்கு மட்டும் தெரியக்கூடும். அதனால் ஒரு சேனல் தனியாக எகிறினால், அந்த இடத்தை நேரில் போய் டார்ச் அடித்துப் பார்க்காமல் பழுது என்று எழுதாதீர்கள்.

பழுது உறுதியான பிறகும் பழைய தரவை அழிக்கவோ சராசரி போட்டு நிரப்பவோ கூடாது. சந்தேகம் தொடங்கிய தேதியைக் குறித்து, புதுச் சென்சாரின் பூஜ்ய ரீடிங்கை (பொருத்தியதும் காட்டும் தொடக்க அளவை) அப்போதைய வெப்பநிலையோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.