பழைய பேக்கப்பை அழித்தால் புதியது கெடுமா?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கணினியில் 400 ஜிபி அளவுக்குக் கோப்புகள் இருக்கின்றன. 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் மணிக்கொரு முறை தானாக பேக்கப் ஆகிறது. திறந்து பார்த்தால் தேதி வாரியாக அறுபது ஃபோல்டர்கள். எதைத் திறந்தாலும் எல்லாக் கோப்புகளும் முழுசாக இருக்கின்றன. எப்படி இடம் போதுகிறது? பழைய ஃபோல்டரை அழித்தால் புதியவை கெட்டுப்போகுமா?"

400-ஐ அறுபதால் பெருக்கினால் 24 டிபி. அது 1 டிபிக்குள் அடங்கியிருக்கிறது. மாறிய கோப்புகளை மட்டும் நகலெடுப்பதால்தான் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். அது பாதி விடைதான். முதல் நாள் முழு நகல், மறுநாள் மாறியவை, அதற்கு மறுநாள் அதற்குப் பின் மாறியவை என்று சங்கிலியாகச் சேமிக்கும் மென்பொருள்களும் உண்டு. அவற்றில் உங்கள் பயம் நியாயமானது. நடுவில் ஒரு கண்ணி போனால் அதற்குப் பின்னால் உள்ளவை பயன்படாமல் போகலாம். ஆனால் உங்கள் டிஸ்க்கில் ஒவ்வொரு தேதியிலும் எல்லாமே முழுசாகத் தெரிகிறதே, அந்த வித்தை வேறு. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

கோப்பின் பெயரும் உள்ளடக்கமும் டிஸ்க்கில் ஒன்றாக இருப்பதாகத்தான் நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. உள்ளடக்கம் ஓரிடத்தில் கிடக்கும். அது எங்கெங்கே கிடக்கிறது, எவ்வளவு பெரியது, கடைசியாக எப்போது மாறியது என்பதெல்லாம் தனியாக ஒரு குறிப்பில் இருக்கும். அந்தக் குறிப்புக்கு ஓர் எண் உண்டு. மேக், லினக்ஸ் போன்ற யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் அந்தக் குறிப்பை ஐநோடு என்பார்கள். ஃபோல்டர் என்பது வெறும் பட்டியல்: இந்தப் பெயருக்கு இந்த எண். அவ்வளவுதான்.

சரி, ஒரே எண்ணை இரண்டு பட்டியல்களில் எழுதி வைத்தால்? தாராளமாக வைக்கலாம். அதுதான் ஹார்டு லிங்க். கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய யூனிக்ஸின் 1971-ஆம் ஆண்டுக் கையேட்டிலேயே இந்த வசதி இருக்கிறது.

திங்கட்கிழமை பேக்கப்பில் உங்கள் படம் ஒன்று டிஸ்க்குக்குப் போகிறது. அதன் எண் 5127 என்று வைத்துக்கொள்வோம். செவ்வாயன்று படம் மாறவில்லை. எனவே மென்பொருள் நகலெடுக்காமல், செவ்வாய் ஃபோல்டரில் அதே பெயரை எழுதி, எதிரே 5127 என்று போட்டுவிடுகிறது. புதன், வியாழன், வெள்ளி எல்லாம் அப்படியே. ஐந்து ஃபோல்டர்களிலும் படம் தெரிகிறது, உள்ளடக்கம் ஒன்றுதான். அப்புறம் முக்கியமான விஷயம்: 5127-ஆம் குறிப்பிலேயே ஓர் எண்ணிக்கை இருக்கிறது. எத்தனை பட்டியல்கள் தன்னைக் காட்டுகின்றன என்ற கணக்கு. இப்போது அது 5.

திங்கட்கிழமை ஃபோல்டரை அழித்தால் என்ன ஆகும்? அந்தப் பட்டியலில் இருந்த வரி போகும், எண்ணிக்கை 4 ஆகும். படத்துக்கு ஒன்றும் ஆகாது. எண்ணிக்கை பூஜ்யத்தைத் தொட்டால்தான் அந்த இடம் காலி என்று அறிவிக்கப்படும். திங்கட்கிழமையில் இருப்பது அசல், மற்றவை அதைச் சார்ந்த நிழல்கள் என்று எதுவும் கிடையாது. ஐந்துக்கும் ஒரே மரியாதை. ஷார்ட்கட்டுக்கும் ஹார்டு லிங்குக்கும் இதுதான் வேறுபாடு. அசலை அழித்தால் ஷார்ட்கட் செத்துவிடும்.

லினக்ஸ்காரர்கள் இதை ஆர்சிங்க் என்ற, கோப்புகளை நகலெடுக்கும் இலவசக் கருவியால் செய்கிறார்கள். ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மக்கெராஸும் 1996-இல் வெளியிட்டது. அதன் அடிப்படை வழிமுறை ட்ரிட்ஜெல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் செய்த முனைவர் பட்ட ஆய்வில் இடம்பெற்றது. "இந்த ஆராய்ச்சியால் நாளைக்கே என்ன லாபம்" என்று கேட்டுவிட்டு நிதியை வெட்டுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

2007-இல் வந்த, மேக் கணினிகளுக்கான ஆப்பிளின் பேக்கப் மென்பொருளான டைம் மெஷின் இன்னும் ஒரு படி துணிந்தது. ஒரு ஃபோல்டர் முழுவதுமே மாறவில்லையென்றால், அந்த ஃபோல்டருக்கே ஹார்டு லிங்க் போட்டது. ஃபோல்டர் தனக்குள்ளேயே சுற்றிக்கொள்ளும் ஆபத்து இருப்பதால் பிற இயங்குதளங்கள் பொதுவாக இதை அனுமதிப்பதில்லை. மணிக்கொரு பேக்கப் என்றால் ஆண்டுக்கு 8,760 ஆகிவிடும். அதனால் கடைசி 24 மணி நேரத்துக்கு மணிக்கொன்று, கடைசி ஒரு மாதத்துக்கு நாளுக்கொன்று, அதற்கு முந்தையதில் வாரத்துக்கொன்று என்று மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அதுவே கழித்துவிடும். ஆண்டு முடிவில் மிஞ்சுவது ஏறத்தாழ நூறு. டிஸ்க் நிறைந்தால் மிகப் பழையது முதலில் போகும். காலையில் உருவாக்கி மாலைக்குள் அழித்த கோப்பு அடுத்த வாரம் கிடைக்காமல் போகலாம் என்பதற்கும் இதுதான் காரணம்.

இந்த வித்தையில் குறைகளும் உண்டு. 20 ஜிபி கோப்பில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும், ஹார்டு லிங்க் முறையில் முழுக் கோப்பையும் மறுபடி நகலெடுக்க வேண்டும். மெய்நிகர் கணினிக் கோப்புகள் (கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்டுவதற்கான பெரிய கோப்புகள்) வைத்திருப்பவர்களின் டிஸ்க் சீக்கிரம் நிரம்புவது இப்படித்தான். அவற்றை பேக்கப்பிலிருந்து விலக்கிவிடுவது நல்லது. 2020-இல் வந்த மேக் ஓஎஸ் பிக் சர் முதல், ஏபிஎஃப்எஸ் என்ற ஆப்பிளின் கோப்பு முறையில் அமைத்த டிஸ்க்குகளில் ஆப்பிள் ஸ்னாப்ஷாட்டுகளுக்கு, அதாவது டிஸ்க்கின் அந்தந்த நேரத்து நிலையை அப்படியே பதிந்து வைக்கும் முறைக்கு, மாறிவிட்டது. அங்கே கோப்பின் மாறிய துண்டுகள் மட்டும் புதிதாகச் சேர்ந்தால் போதும். இன்னொன்று, டிஸ்க் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் அமைந்திருந்தால் ஹார்டு லிங்க் போடவே முடியாது.

இவற்றைவிடப் பெரிய குறை, வித்தையின் மறுபக்கம்தான். அறுபது தேதிகளில் தெரியும் மாறாத படம் டிஸ்க்கில் ஒரே ஒரு தடவைதான் இருக்கிறது. அந்த இடத்தில் டிஸ்க் பழுதானால் அறுபது தேதிகளிலும் படம் போகும். சத்தம் போடாத டிஸ்க் சாகாது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது சகுனம் பார்ப்பதில் சேர்த்தி. அதேபோல, எந்நேரமும் கணினியிலேயே மாட்டிக் கிடக்கும் டிஸ்க்கை, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேரும் எட்டும்; எண்ணிக்கை, ஐநோடு எதுவும் அதைத் தடுக்காது.

ஆகவே உங்கள் கேள்விக்கு: பழையதை அழித்தால் புதியது கெடாது. ஆனால் நீங்களே ஃபோல்டரைப் பிடித்து இழுத்துப் போடாமல், மென்பொருளில் அதற்கென உள்ள வசதி வழியாகவே நீக்குங்கள்; சங்கிலி முறையா, ஹார்டு லிங்கா என்று அதற்குத்தான் தெரியும். கையில் இன்னொரு டிஸ்க் இருந்தால் இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டுங்கள். ஒன்று எப்போதும் கழற்றியே இருக்கட்டும். டைம் மெஷினில் இரண்டையும் பதிந்து வைத்தால், எது மாட்டியிருக்கிறதோ அதில் எழுதும். அப்படியே ஏதாவது ஒரு பழைய தேதியிலிருந்து ஒரு கோப்பை மீட்டுத் திறந்தும் பாருங்கள். 2017 ஜனவரியில், மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் தவறுதலாகத் தரவுத்தளம் அழிந்தபோது, எடுத்துக்கொண்டிருப்பதாக நினைத்த பேக்கப்புகளில் பல உண்மையில் வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் அவர்களுக்கே தெரிந்தது.