கிணற்றில் தம் கட்டியவர் கடலில் மூச்சு விடக் கற்றார்

காட்பாடி பக்கத்துக் கிராமத்தில் எங்கள் மாமா நீச்சல் கற்றது, முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு, பாறையை வெடி வைத்துத் தோண்டிய பாசனக் கிணற்றில். குடுக்கையை அவிழ்த்த பிறகு அடுத்த பாடம் தம் கட்டுவது. மேலிருந்து குதித்து, அடியிலிருந்து ஒரு பிடி சேற்றை அள்ளி வந்து காட்டினால்தான் தரையைத் தொட்டதாக மற்ற பிள்ளைகள் ஒப்புக்கொள்வார்கள். ஐம்பதை நெருங்கும் வயதில் எங்கள் அக்காவோடு சேர்ந்து, முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் மூச்சு விட்டபடி நீந்தும் ஸ்கூபா கற்கப் போனபோது, பயிற்சியாளர் சொன்ன முதல் விதி அவருக்குத் தலைகீழாகப் பட்டது: தண்ணீருக்குள் ஒருபோதும் மூச்சை அடக்காதீர்கள்.

காரணம் காற்றில் இருக்கிறது. தண்ணீரை அழுத்தினால் அது சுருங்காது, காற்று சுருங்கும். கடல் மட்டத்தில் நம் மேல் ஒரு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் இன்னொன்று கூடுகிறது. 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, அதனால் காற்றின் கன அளவு பாதி. ராபர்ட் பாயில் 1662இல் சொன்ன விதி இது.

கிணற்றுப் பையன் மேலேயே 6 லிட்டர் காற்றை நெஞ்சில் நிரப்பிக்கொண்டு குதிக்கிறான் என்று வையுங்கள். 10 மீட்டரில் அது 3 லிட்டராகச் சுருங்கும். மேலே வரும்போது பழையபடி 6 லிட்டர். ஆபத்தில்லை. ஸ்கூபாவில் கதை வேறு. அதே ஆழத்தில் சிலிண்டரிலிருந்து 6 லிட்டர் இழுத்து, தம் கட்டியபடி மேலே வந்தால் அது 12 லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரல் அதற்கு இடம் கொடுக்காது. காற்றறைகள் கிழியும், குமிழிகள் ரத்தத்தில் புகுந்து மூளை வரை போகலாம். இதில் பலருக்குத் தெரியாத விஷயம், கடைசி சில மீட்டர்கள்தான் மோசமானவை என்பது. 30 மீட்டரிலிருந்து 20க்கு வந்தால் காற்று மூன்றில் ஒரு பங்குதான் விரியும். 10இலிருந்து மேலே வந்தால் இரண்டு மடங்கு! நீச்சல் குளத்தின் ஆழமே நுரையீரலைக் கிழிக்கப் போதும்.

சரி, சிலிண்டரில் 200 வளிமண்டல அழுத்தத்தில் அடைத்த காற்று, அந்தந்த ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் வாய்க்கு எப்படி வருகிறது? 1943இல் ஜாக் கூஸ்தோ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியும் எமில் காஞ்ஞான் என்ற பொறியாளரும் சேர்ந்து செய்த ரெகுலேட்டர்தான் அந்த வேலையைச் செய்கிறது. வாயில் கவ்வும் பகுதிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு ரப்பர் தகடு இருக்கும். அதன் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உங்கள் மூச்சு. நீங்கள் இழுத்ததும் தகடு உள்ளே குழியும், ஒரு நெம்புகோலை அழுத்தும், வால்வு திறக்கும். விட்டதும் மூடிக்கொள்ளும். தகட்டை வெளியிலிருந்து அழுத்துவது அந்த ஆழத்துத் தண்ணீரே என்பதால், அதற்குச் சமமான அழுத்தத்தில்தான் காற்று வரும். பேட்டரி கிடையாது, கணக்குப் போடும் கருவி கிடையாது. கையில் வாங்கி அழுத்திப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது.

அக்காவுக்குத் தொல்லை கொடுத்தது காது. ஏலகிரி மலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கும்போது காது அடைக்குமே, அதே சங்கதிதான். ஆனால் அந்த 700 மீட்டர் மலையேற்றத்தில் மாறும் அழுத்தம், தண்ணீரில் ஒரு மீட்டர்கூட இறங்குவதற்குள் மாறிவிடும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால், தொண்டையிலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் திறந்து அழுத்தம் சமமாகும். வலித்த பிறகு ஊதினால் குழாய் திறக்காது. வலிக்கும் முன்பே ஊத வேண்டும். அக்கா அரை மீட்டருக்கு ஒருமுறை நின்று ஊதப் பழகினாள். அப்புறம் அவள் மாமாவைவிட நிதானமாக இறங்கினாள்.

மேலே வருவதிலும் அவசரம் கூடாது. ஆழத்தில் நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்திருக்கும். சட்டென்று ஏறினால், கோலி சோடாவைத் திறந்தது போல உடம்புக்குள் நுரைக்கும். அதனால்தான் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கச் சொல்கிறார்கள்.

புதுச்சேரிக் கடலில் பழகிவிட்டு இருவரும் போனது, ஈக்வடாரிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் மேற்கே இருக்கும் கலாபகோஸ் தீவுகளுக்கு. வேலூர்ப் பாறைகளுக்கு வயது 200 கோடி ஆண்டுகளுக்கு மேல். அங்கே மிகப் பழைய தீவுகளுக்கே சில பத்து லட்சம் ஆண்டுகள்தான். மேற்கு ஓரத்தில் இருக்கும் ஃபெர்னாண்டினா 2024இல்கூட நெருப்பைக் கக்கியது. நிலநடுக்கோட்டின் மேலேயே இருந்தும் அங்கே தண்ணீர் குளிர்கிறது. பசிபிக்கின் அடியில் கிழக்கே ஓடும் குரோம்வெல் நீரோட்டம், ஆழத்திலிருந்து எழும்பி நிற்கும் இந்த எரிமலைச் சரிவுகளில் மோதி மேலேறுகிறது. குளிர்ந்த அந்த நீர் அடியிலிருந்து சத்துகளைத் தூக்கி வருகிறது. பாசி செழிக்கிறது, மீன் பெருகுகிறது, பென்குவின்கூட வாழ முடிகிறது.

ஃபெர்னாண்டினாவின் டக்ளஸ் முனையில், குளிர் தாங்கும் கனமான ரப்பர் உடையான வெட்சூட்டுக்குள்ளும் நடுங்கியபடி, இருவரும் கடல் இகுவானாவைப் பார்த்தார்கள். நம் ஊர் உடும்பை நினைவூட்டும் கறுத்த பல்லி இனம். பாறையைக் கால் நகங்களால் பற்றிக்கொண்டு பாசியைக் கரண்டித் தின்றுகொண்டிருந்தது. சுற்றியிருந்தவர்களின் வாயிலிருந்தெல்லாம் குமிழி ஏறியது. அதனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. சில நிமிடம் கழித்து வாலை அசைத்து நேராக மேலே போய்விட்டது.

“அது மேலேயே தம் கட்டிட்டு வந்திருக்குடா” என்று போனில் சொன்னபோது மாமாவின் குரலில் அவ்வளவு சந்தோஷம்.