டிரான்செக்ட்: பார்க்காத மானையும் கணக்கில் சேர்க்கும் கோடு

முதுமலையில் எத்தனை புள்ளிமான்கள் என்று கேட்டால் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்ல யாராலும் முடியாது. அதனால் காட்டின் குறுக்கே சில நேர்கோடுகளை வகுத்து, அவற்றில் மட்டும் நடந்து, கண்ணில் பட்டதை வைத்து மொத்தத்தைக் கணிக்கிறார்கள். அந்தக் கோடுதான் டிரான்செக்ட். புலிகள் கணக்கெடுப்புச் செய்திகளில் 'நேர்கோட்டுப் பாதை' என்று வருமே, அதுதான்.

லத்தீனில் டிரான்ஸ் என்றால் குறுக்கே, செகாரே என்றால் வெட்டுவது. போலீஸ் சொல்லும் செக்‌ஷன், கணக்கு டீச்சர் சொல்லும் செக்டார் எல்லாம் இதே வேர்தான். ஏன், இன்செக்ட்கூட அப்படித்தான், தலை, மார்பு, வயிறு என்று உடம்பு வெட்டு வெட்டாக இருப்பதால் பூச்சிக்கு அந்தப் பெயர். சூழலியலில் டிரான்செக்டை ஒரு முறையாக வகுத்து எழுதியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கத் தாவரவியலாளர் பிரெடரிக் கிளெமன்ட்ஸ், 1905-ல். அவர் எண்ணியது செடிகளை. செடி ஓடாது, சிக்கல் இல்லை.

மான் ஓடும், புதருக்குள் மறையும். இங்கேதான் இந்த முறையின் சாமர்த்தியம். மானைப் பார்த்ததும் தொலைவுமானியால் தூரத்தையும் காம்பஸால் திசையையும் குறித்துக்கொள்கிறார்கள், அதிலிருந்து மானுக்கும் கோட்டுக்கும் இடையிலான செங்குத்துத் தூரம் கிடைத்துவிடும் (பள்ளியில் படித்த சைன் இதற்காவது உதவுகிறது). கோட்டின் மேலேயே நிற்கும் மான் கண்ணுக்குத் தப்பாது என்று வைத்துக்கொண்டால், தள்ளிப்போகப் போக எண்ணிக்கை எப்படிக் குறைகிறது என்பதிலிருந்து தவறவிட்டவை எத்தனை என்று கணக்கிடலாம். சரி, ஓர் உதாரணம்: மொத்தம் 20 கிலோமீட்டர் நடந்து 60 மான்களைப் பார்த்தோம், கணக்குப்படி அது இருபுறமும் 50 மீட்டர் வரை ஒன்றுகூடத் தப்பாமல் பார்த்ததற்குச் சமம் (இதுதான் பயனுள்ள அகலம்) என்றால், பார்த்த பரப்பு 2 சதுர கிலோமீட்டர், ஆக சதுர கிலோமீட்டருக்கு 30 மான்.

நடக்கச் சோம்பல்பட்டு ஜீப் ரோட்டையே கோடாக எடுத்துக்கொண்டால் எல்லாம் கெட்டுவிடும், ஏனென்றால் சில விலங்குகள் ரோட்டோரப் புல்லுக்காக வரும், சில ரோட்டைக் கண்டாலே விலகிப்போகும். அதேபோல, விலங்கை முதலில் பார்த்த இடத்துக்குத்தான் தூரம் எடுக்க வேண்டும், மிரண்டு ஓடி நின்ற இடத்துக்கு இல்லை. காட்டுக்குக் காடு அகலமும் மாறும்: வறண்ட இலையுதிர் காட்டில் தூரம் வரை தெரியும், அடர்ந்த மழைக்காட்டில் சில மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. இரண்டிலும் அதே 60 மான்களைப் பார்த்திருந்தால் மழைக்காட்டில்தான் மான் அதிகம்.