புரை முத்தும் வரை காத்திருந்த காலம் முடிந்துவிட்டது

பொங்கல் கழிந்த வாரத்தில் ஒரு பாட்டி வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வலது கண்ணை முந்தானையால் பொத்திப் பிடித்தபடி மகன் தோளைப் பற்றிக்கொண்டு நடந்தார். நாலு நாளாகத் தலை பிளக்கிற வலி, இரண்டு தடவை வாந்தி. முந்தானையை விலக்கிப் பார்த்தேன். வெள்ளை விழி ரத்தச் சிவப்பாக இருந்தது, கருவிழி ஆவி படிந்த கண்ணாடி போல மங்கியிருந்தது, அதற்குப் பின்னால் கண் பாப்பா இருக்க வேண்டிய இடத்தில் பால் வெள்ளை. கண் அழுத்தம் 48. அது 21-க்குள் இருக்க வேண்டும்.

"ஏம்மா, இந்தக் கண்ணு தெரியாமப் போயி எவ்வளவு நாளாச்சு?"

"ரெண்டு வருசம் இருக்கும் சாமி. முத்தட்டும்னுதான் இருந்தேன். எங்க வீட்டுக்காரருக்கு டாக்டரய்யா அப்படித்தான் சொன்னாரு, நல்லா முத்தினப்புறம் வாய்யான்னு. முத்தினப்புறந்தான் பண்ணாங்க. சாகுற வரைக்கும் பார்வை இருந்துச்சு அவருக்கு."

அளவுக்கு மீறி முற்றிய புரை உள்ளுக்குள் கரைந்து கசியும். கசிந்த புரதம், கண்ணுக்குள் ஊறுகிற நீர் வெளியேறுகிற சல்லடையை அடைத்துவிடும். அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு நசுங்கும். அறுவை சிகிச்சை செய்து பாட்டியின் வலியைத் தீர்த்தோம். அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை.

இரண்டு வருடம் முன்னால் வந்திருந்தால் பத்துப் பதினைந்து நிமிட வேலை. ஆனாலும் அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கேட்டு நடந்தது ஒரு மருத்துவரின் பேச்சை. அதுவும் அந்தக் காலத்துக்கு முழுக்கச் சரியான பேச்சு. எங்கள் துறையின் பழைய வெற்றிகள் எங்களுக்குப் புது வழிகளைத் திறந்துவிட்டபடியே வந்திருக்கின்றன. அந்த வெற்றிகளோடு சேர்ந்து பிறந்த அறிவுரைகள் மட்டும், அவற்றின் காரணம் போன பிறகும், வீடுகளில் தங்கிவிடுகின்றன. இருபத்தைந்து வருடமாக நான் பார்க்கிற கண்களில் எத்தனையோ இப்படிக் காத்திருந்து கெட்டவை. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

"முத்தட்டும்" என்று ஏன் சொன்னார்கள்? நாற்பது வருடம் முன்புவரை இங்கே முகாம்களில் பெரும்பாலும் நடந்தது, புரை பிடித்து மங்கிய கண் லென்ஸை, அதைச் சுற்றியிருக்கும் மெல்லிய பையோடு சேர்த்து முழுசாக எடுக்கும் முறை. கருவிழி ஓரத்தில் அரைவட்டமாக 10, 12 மி.மீ. வெட்டுவார்கள். எடுத்த லென்ஸுக்குப் பதிலாக உள்ளே எதுவும் வைக்க மாட்டார்கள். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் ப்ளஸ் பத்து பவரில் சோடாபுட்டிக் கண்ணாடி. அதைப் போட்டால் உலகம் கால் பங்கு பெரிதாகத் தெரியும், படிக்கட்டு வளையும், பக்கவாட்டில் வருகிற ஆள் திடீரென்று முளைப்பார். ஒரு கண்ணில் மட்டும் செய்தால் இரண்டு கண்ணின் பிம்பங்களும் ஒன்று சேராமல் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். ஓரளவு பார்வை இருக்கிறவருக்கு இதைச் செய்தால் இருந்ததைவிட மோசமான நிலைக்குத் தள்ளியதாகிவிடும். முத்தட்டும் என்று சொன்ன மருத்துவர் நோயாளியைக் காப்பாற்றினார்.

அதே முறைதான் லட்சக்கணக்கானவர்களைக் குருட்டுத்தனத்திலிருந்து மீட்டது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

அதற்கும் முந்தைய கதை நம்முடைய மண்ணிலேயே இருக்கிறது. பாப்பாவை மறைக்கிற லென்ஸை ஊசியால் கீழே தள்ளிவிடும் முறையைப் பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதை சொல்கிறது. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி தன்வந்திரி மகாலில் கண் நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை நடத்தி, ஒவ்வொருவர் கண்ணையும் படமாக வரைந்து, குறிப்போடு பதிந்து வைத்தார். அந்தத் தாள்கள் இன்றும் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. 1832-இல் இறந்த ஓர் அரசர், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் கண் எப்படி இருந்தது என்று எழுதி வைக்க நினைத்திருக்கிறார் பாருங்கள். நாங்கள் இன்று கணினியில் செய்வது அதைத்தான்.

1747-இல் பிரான்ஸில் ஜாக் தவியேல் என்ற கண் மருத்துவர் ஒரு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தார். லென்ஸைக் கீழே தள்ளாமல், கண்ணைத் திறந்து வெளியே எடுத்தார். பையைக் கிழித்து உள்ளிருப்பதை எடுத்தார், பையின் பெரும்பகுதி கண்ணுக்குள்ளேயே நின்றது. பின்னால் வந்தவர்கள், "மிச்சம் எதற்கு, பையோடு எடுத்துவிடலாம்" என்று மேலும் சுத்தமான முறைக்குப் போனார்கள். அதுதான் பாட்டியின் வீட்டுக்காரர் காலத்து முறை. தவியேலின் முறை பழசாகிப் பின்தங்கியது.

அதைத் திரும்பக் கூட்டி வந்தது ஒரு போர்.

1940 ஆகஸ்டில் இங்கிலாந்தின் வான்பரப்பில் ஒரு ஹரிகேன் விமானத்தின் மேல்மூடி குண்டு பட்டு நொறுங்கியது. விமானியின் கண்களுக்குள் பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கின் சில்லுகள் புகுந்தன. இப்படிக் காயம்பட்ட விமானிகளைப் பார்த்து வந்த ஹரால்ட் ரிட்லி என்ற கண் மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். சாதாரணக் கண்ணாடித் துண்டு உள்ளே போனால் கண் அழன்று புண்ணாகிறது, இந்தப் பிளாஸ்டிக் மட்டும் சும்மா கிடக்கிறது. சில வருடம் கழித்து அவர் ஒரு புரையை எடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற மாணவர், எடுத்த லென்ஸுக்குப் பதில் ஒன்று வைக்க மாட்டீர்களா என்று கேட்டார். சில்லும் கேள்வியும் அவர் மனதில் ஒன்று சேர்ந்தன. 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு பெண்மணிக்கு முதல் செயற்கை லென்ஸைப் பொருத்திப் பார்த்தார்.

ரிட்லி மனித லென்ஸின் வளைவை அப்படியே நகலெடுத்தார். பிளாஸ்டிக் இயற்கை லென்ஸைவிட அதிகமாக ஒளியை வளைக்கும் என்பதால் பவர் மிதமிஞ்சிப் போய், அந்த நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்தது. இதைக் கருவியால் தீர்க்க முடியாது. கணக்குதான் வேண்டும். கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்து ஒவ்வொருவருக்கும் பவர் கண்டுபிடிக்கிற சூத்திரங்கள் அதற்குப் பிறகுதான் வந்தன. இன்று ஆபரேஷனுக்கு முன் உங்களை ஒரு கருவியில் தாடையை வைக்கச் சொல்லி அளக்கிறோமே, அதற்கு அடியில் இருப்பது ரிட்லியின் அந்தப் பிழை.

ரிட்லிக்கு எதிர்ப்பும் கடுமையாக வந்தது. பிரிட்டனின் கண் மருத்துவத்தில் அன்று மிகப் பெரிய பெயர் டியூக் எல்டர். அவரே ஏற்கவில்லை. அவர்கள் பக்கத்தையும் நான் யோசித்துப் பார்ப்பதுண்டு. கண்ணுக்குள் போன அந்நியப் பொருளை வெளியே எடுப்பதில் வாழ்நாளெல்லாம் தேர்ந்தவர்கள் முன்னால் ஒருவர் வந்து, நானே உள்ளே வைக்கிறேன் என்கிறார். கைவந்த வெற்றி ஒருவரின் கண்ணையே மறைத்துவிடக்கூடும். ரிட்லி பல வருடம் ஒதுக்கப்பட்டார். பிற்காலத்தில் அவருக்கே புரை வந்தபோது, அதே செயின்ட் தாமஸில் அவர் கண்களிலும் செயற்கை லென்ஸ் வைத்தார்கள். 2000-இல் சர் பட்டம் வந்தது, அடுத்த வருடம் காலமானார்.

செயற்கை லென்ஸ் உட்கார ஒரு இடம் வேண்டும். கடவுள் கொடுத்த பையைவிட நல்ல இடம் கிடையாது. ஆக, பையோடு எடுக்கிற "சுத்தமான" முறையைத் துறையே கைவிட்டு, தவியேல் செய்தது போல பையை விட்டுவைக்கிற வழிக்குத் திரும்பியது. இருநூறு வருடம் பழையது புதியதாயிற்று. பயிற்சிக்கு வருகிற இளம் டாக்டர்களிடம் இதை நான் தவறாமல் சொல்வேன்.

அடுத்து 1967-இல் நியூயார்க்கில் கண் மருத்துவர் சார்லஸ் கெல்மன். பல் சுத்தம் செய்துகொள்ளப் போய் உட்கார்ந்தவர், பல் காரையை அதிர்ந்து உடைக்கிற கருவியைப் பார்த்து, இதே அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சலாமே என்று யோசித்தார். அதுதான் பேகோ. நம் ஊரில் இதை லேசர் ஆபரேஷன் என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். பேகோவில் புரையை உடைப்பது ஒலி அதிர்வு. வெட்டு மூன்று மி.மீ.க்கும் குறைவு. லென்ஸை மடித்து உள்ளே விடுகிறோம், அது பைக்குள் விரிந்துகொள்கிறது. தையல் இல்லை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

இதெல்லாம் பணக்காரர்களோடு நின்றிருக்கும், மதுரை இல்லாவிட்டால். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 1976-இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அரசுப் பணியில் இருந்தபோது நடத்திய முகாம்களின் அனுபவம்தான் அவருடைய மூலதனம். அவர் சிகிச்சை கொடுத்த ஏழைகளுக்கு சோடாபுட்டிதான் கிடைத்தது, ஏனென்றால் வெளிநாட்டு லென்ஸ் ஒன்று சுமார் 100 டாலர் விற்றது. 1992-இல் அரவிந்தின் லென்ஸ் தயாரிப்புக் கூடமான ஆரோலேப் மதுரையிலேயே லென்ஸ் செய்யத் தொடங்கி அந்த விலையைப் பத்தில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தது. இன்று முகாமிலிருந்து பஸ்ஸில் கூட்டிப் போகிற ஒரு கூலித் தொழிலாளிக்கும் கண்ணுக்குள் லென்ஸ் கிடைக்கிறது.

ஆகவே "முத்தட்டும்" என்பதன் காரணம் போய்விட்டது. சொல்லப்போனால் நிலைமை தலைகீழாகிவிட்டது. முற்றிய புரை கல்லாக இறுகும். அதை உடைக்க அதிர்வு அதிகம் வேண்டும். அந்த அதிர்வு கருவிழியின் உட்புறச் செல்களைச் சேதப்படுத்தும், அவை திரும்ப வளராது. வெள்ளையாக முற்றிவிட்டால் பின்னால் விழித்திரை எப்படி இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவும் வழியில்லை, சர்க்கரை நோயாளிக்கு அது பெரிய இழப்பு. புரை என்று சொன்ன அன்றே மேசையில் ஏறிப் படுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. பேப்பர் படிக்க, பஸ் நம்பர் பார்க்க, ராத்திரி வண்டி ஓட்ட, அரிசியில் கல் பொறுக்கச் சிரமமாகிறதா? அப்போது செய்துகொள்ளலாம். இல்லையென்றால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்டிக்கொண்டிருந்தால் போதும். புரையைக் கரைக்கிற சொட்டு மருந்து என்று எதுவும் இன்றுவரை இல்லை. யாராவது விற்றால் வாங்க வேண்டாம்.

இன்னொன்று, நாற்பது ஐம்பது வயதுக்காரர்களுக்கு. 1981-இல் அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் ரங்கசாமி சீனிவாசனும் அவருடைய கூட்டாளிகளும், எக்ஸைமர் லேசர் சுற்றிலும் சூடு பரவாமல் திசுவைத் துல்லியமாகச் செதுக்குவதைக் கண்டார்கள். விருந்தில் மிஞ்சிய வான்கோழியில் சோதித்தார்கள். சீனிவாசன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். அதிலிருந்து வந்ததுதான் லாசிக், கருவிழியைச் செதுக்கிக் கண்ணாடியைக் கழற்றிப்போடச் செய்கிற சிகிச்சை. அன்று லாசிக் செய்துகொண்டவர்களுக்கு இப்போது புரை வரத் தொடங்கியிருக்கிறது. செதுக்கிய கருவிழியைக் கருவி தவறாக அளக்கும், பழைய சூத்திரம் தவறான பவரைச் சொல்லும். இவர்களுக்கென்றே புதுச் சூத்திரங்கள் உருவாக்க வேண்டியிருந்தது. போன வருடம் ஒரு கல்லூரி ஆசிரியைக்கு அளவெடுத்தபோது கருவிழி வழக்கத்தைவிடத் தட்டையாக இருந்தது. லாசிக் செய்தீர்களா என்று கேட்டேன். "ஆமா டாக்டர், கல்யாணத்துக்கு முன்னாடி. அதையும் சொல்லணுமா?" சொல்ல வேண்டும். லாசிக்குக்கு முந்தைய பவரும் கருவிழி அளவும் எழுதிய காகிதம் இருந்தால் அதைக் கொண்டுவாருங்கள். புரை ஆபரேஷன் முடிந்து தருகிற லென்ஸ் அட்டையையும் ரேஷன் கார்டு மாதிரி பத்திரமாக வையுங்கள்.

பாட்டியின் இடது கண்ணில் புரை பாதிதான் வளர்ந்திருந்தது. மூன்று வாரம் கழித்து அதைச் செய்தோம். மறுநாள் கட்டைப் பிரித்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணி சொன்னார். பிறகு கேட்டார், "தலைக்கு எப்ப ஊத்திக்கலாம் சாமி? அவரு நாப்பது நாள் ஊத்தல."

அவருக்கு அரைவட்டத்துக்கு வெட்டித் தையல் போட்டிருந்தார்கள், அந்தப் புண் ஆற நாற்பது நாள் வேண்டியிருந்தது என்றேன். உங்களுக்குப் பத்து நாள் போதும் தாயி, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணுக்குள் தண்ணீர் போகாமல் மகளை ஊற்றச் சொல்லுங்கள் என்றேன்.